ஆய்க்குடிக்கு எத்தனை எழுத்து?

ஒரு சின்னக் கேள்வி பாஸ். 'ஆய்க்குடி'ங்கிற ஊர்ப் பேர்ல எத்தனை எழுத்து?

விரல் விட்டு எண்ணுங்க. ஆ, ய், க், கு, டி. அஞ்சு. உங்க ஆறாம் வகுப்புத் தமிழ் ஐயாவைக் கேட்டாலும் அஞ்சுன்னுதான் சொல்வார். தென்காசி பஸ் ஸ்டாண்டுல போர்டு எழுதுற அண்ணாச்சியும் அஞ்சுக்குத்தான் காசு கேட்பார்.

இப்ப லேப்டாப்பைத் திறங்க. பைத்தான்ல 'லென்' ஃபங்ஷனுக்குள்ள இந்தப் பேரைப் போட்டு என்டர் தட்டுங்க. 9 வரும். அதையே யூடிஎஃப்-8 ஆக என்கோட் பண்ணிட்டு எண்ணச் சொல்லுங்க. 27. ஒரு வெப் அட்ரஸ்ல இந்தப் பேர் வந்தா 81. அவசரத்துல ஒரு ஃபங்ஷனுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டுட்டீங்கன்னா 111!

சங்க காலத்துல பொதிகை மலைப் பக்கம் ஆண்ட வள்ளல் ஆய் அண்டிரனுக்குத் தலைநகர் ஆய்க்குடின்னு சொல்வாங்க. அள்ளி அள்ளிக் கொடுத்த வள்ளலோட ஊராச்சே, எழுத்தும் அள்ளி அள்ளி வருதோ என்னவோ!

ஜோக்கை விடுங்க. இந்த 5, 9, 27, 111 குழப்பத்துலதான் தமிழ்ல நாம பண்ற பாதி ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னைக்குக் கவுந்து விழுது. ஒரு பொண்ணோட ஸ்காலர்ஷிப் பேர் பொருந்தாமப் போறதும், ஒரு பையனோட சர்ட்டிஃபிகேட்ல பேர் இருக்க வேண்டிய இடத்துல கேள்விக்குறி வர்றதும் இதே குழப்பத்தோட அண்ணன் தம்பிங்கதான்.

மொதல்ல 9 எப்படி வந்துச்சுன்னு பார்த்துடலாம். யூனிகோட் முதல் பதிப்பு வந்தது 1991ல. இந்திய மொழிகளுக்கு அப்ப நம்ம அரசு வச்சிருந்த 'இஸ்கி' தரத்தை அடிப்படையா வச்சு, தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினாங்க. நம்மகிட்ட இருக்குறது 247 எழுத்து. ஸ, ஜ, ஷ குடும்பம் தனி. அதனால எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 'க' ஒரு இடம், புள்ளி ஒரு இடம், ரெண்டும் சேர்ந்தா 'க்'. உகரக் குறி ஒரு இடம், 'க'வோட சேர்ந்தா 'கு'. ஆக ஆய்க்குடி: ஆ, ய, புள்ளி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி. ஒன்பது பீஸ். கண்ணுக்கு அஞ்சா தெரியுறது ஃபான்ட்டோட புண்ணியம்.

27க்கும் காரணம் எளிது. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு நம்பர் இருக்கு. 'ஆ'வுக்கு 2950, புள்ளிக்கு 3021. ஒரு பைட்டுக்குள்ள 255க்கு மேல நுழையாது. அதனால யூடிஎஃப்-8 அதை மூணு பைட்டா பிரிச்சு வைக்குது. 'ஆ'ன்னா 224, 174, 134. ஒன்பது மூணு இருபத்தேழு.

இது பிடிக்காமதான் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனி இடம் கொடுத்து 'டேஸ்-16'னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. கோவையில செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன்ல தமிழக அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டப்ப, அச்சு மாதிரி வேலைகளுக்கு மாற்றா இதையும் ஏத்துக்கிச்சு. அதுல ஆய்க்குடிக்கு அஞ்சே அஞ்சு இடம்தான். ஆனா அது யூனிகோடோட 'தனியார் உபயோக'ப் பகுதியில உக்காந்திருக்கு. உங்க போனுக்கு அது யாருன்னே தெரியாது. ஸோ, நமக்கு 9தான் கதி.

9 ஆனா என்ன, 5 ஆனா என்னன்னு கேக்கறீங்களா? வாங்க, லேபுக்குப் போவோம்.

ஃபர்ஸ்ட் இயர் லேப்ல 'பாலிண்ட்ரோம்' ப்ரோக்ராம் எழுதாத ஆள் உண்டா? அண்ணா பல்கலைக்கழகம் 2017 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர்லயே பைத்தான் வச்சுது. ஸ்ட்ரிங்கைத் தலைகீழா திருப்பணும். ரெண்டு கோலன், ஒரு மைனஸ் 1. ஒரே வரி. 'மேடம்', 'லெவல்'னு இங்கிலீஷ்ல போட்டா சொன்னபடி கேக்கும். மார்க்கும் வாங்கிடலாம்.

இப்ப தெனாலிராமனைக் கூப்பிடுங்க. 'விகடகவி'. இடமிருந்து படிச்சாலும் வலமிருந்து படிச்சாலும் ஒண்ணு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பைத்தானுக்குத் தெரியாது! 'பாலிண்ட்ரோம் இல்லை'ன்னு அடிச்சு சொல்லும். ஏன்னா அது வி-க-ட-க-வின்னு அஞ்சாப் பார்க்கல. வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறின்னு ஏழாப் பார்க்குது. திருப்பிப் போட்டா, முதல்ல அந்தரத்துல தொங்குற ஒரு இகரக் குறி, அப்புறம் 'வகடகிவ'. நடுவுல இருந்த 'க' மேல யாரோட கொம்போ வந்து ஒட்டிக்கிச்சு பாருங்க! ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இதே தப்பைத்தான் பண்ணும். சி-யில இன்னும் மோசம். அது பைட்டு பைட்டா திருப்பும், அதனால திரையில எழுத்தே வராது. ஆப்பிளோட ஸ்விஃப்ட் மட்டும் சமர்த்துப் பிள்ளை. அது கண்ணுக்குத் தெரியுற எழுத்தை எண்ணும். ஆய்க்குடின்னா 5ன்னு சொல்லும்.

ஞானசம்பந்தர் 'மாலைமாற்று'ன்னு ஒரு முழுப் பதிகமே இப்படி முன்னும் பின்னும் ஒண்ணா வர்ற மாதிரி பாடியிருக்கார். நம்ம ஒரு வரி ப்ரோக்ராம்கிட்ட கொடுத்தா அவருக்கே அரியர்தான்.

இது வெறும் எண்ணிக்கைப் பிரச்னை. இனிமேதான் மெயின் வில்லன் வர்றார். அவர் பேர் கன்வெர்ஷன்.

பழைய பைத்தான் 2 ஞாபகம் இருக்கிற சீனியர் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, கண்ணுல தண்ணி வச்சுக்குவாங்க. அதுல ஸ்ட்ரிங்குக்கு ரெண்டு ஜாதி. ஒண்ணு வெறும் பைட்டு, இன்னொண்ணு யூனிகோட். ரெண்டையும் கூட்டினா, உங்களைக் கேக்காமலே ஒண்ணை இன்னொண்ணா மாத்தப் பார்க்கும். அதுவும் எதை வச்சு? ஆஸ்கியை வச்சு. ஆஸ்கியில 127 வரைக்கும்தான் எண்ணே இருக்கு. தமிழோட முதல் பைட்டோ 224. 'இப்படி ஒரு பைட்டை நான் பார்த்ததே இல்ல'ன்னு கையை விரிச்சுட்டு ப்ரோக்ராம் செத்துடும். எந்தத் தமிழ் எழுத்தைப் போட்டாலும் முதல் பைட்டு 224தான். அதனால எர்ரர் மெசேஜும் எப்பவும் ஒண்ணுதான்.

இதுல கொடுமை என்னன்னா, இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ற வரைக்கும் எல்லாம் பக்காவா ஓடும். டெமோ அன்னைக்கு எக்ஸ்டர்னல் 'தமிழ்ல ஒரு பேர் போடுப்பா' என்பார். அவ்வளவுதான், சோலி முடிஞ்சது.

2008 டிசம்பர்ல வந்த பைத்தான் 3 இந்த ரெண்டு ஜாதியையும் கறாரா பிரிச்சுடுச்சு. பைட்டையும் ஸ்ட்ரிங்கையும் கூட்டினா சேராதுன்னு அங்கேயே நிறுத்திடும். 2020 ஜனவரி 1ஓட பைத்தான் 2க்கு ஆதரவும் முடிஞ்சது. நிம்மதின்னு நினைச்சீங்களா? அங்கதான் அந்த 111 ஒளிஞ்சிருக்கு.

ஒரு சர்வர்ல இருந்தோ ஃபைல்ல இருந்தோ பேர் பைட்டா வருது. அதை ஸ்ட்ரிங்கா மாத்தணும். சரியான வழி 'டீகோட்'. ஆனா கை தன்னால 'ஸ்ட்ர்'னு டைப் பண்ணும். நம்பரை ஸ்ட்ரிங்கா மாத்த தினமும் அதைத்தானே போடுறோம்? பைத்தானும் ஒரு எர்ரர்கூட காட்டாம மாத்திக் கொடுக்கும். எதை? அந்த 27 பைட்டும் பார்க்க எப்படி இருக்கும்னு எழுதிக் காட்டும். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சாய்கோடு, ஒரு எக்ஸ், ரெண்டு குறி. மொத்தம் நாலு. 27 நாலு 108. முன்னாடி ஒரு 'பி', சுத்தி ரெண்டு மேற்கோள். 111.

எர்ரர் அடிச்சுட்டு நிக்குற ப்ரோக்ராம் நல்ல நண்பன் பாஸ். மூஞ்சிக்கு நேரா திட்டிடுவான். இது அப்படி இல்ல. சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு உங்க டேட்டாபேஸ் முழுக்க 111 எழுத்துக் குப்பையை நிரப்பி வச்சுடும். ஆறு மாசம் கழிச்சு சர்ட்டிஃபிகேட் பிரிண்ட் எடுக்கும்போதுதான் தெரியும்.

விண்டோஸ்ல வேலை பார்க்குறவங்களுக்கு இன்னொரு ஸ்பெஷல் கண்ணி. தமிழ் ஃபைலை பைத்தான்ல திறக்குறீங்க. என்ன என்கோடிங்னு சொல்லல. அது விண்டோஸோட பழைய மேற்கத்திய பட்டியலான 1252ஐ எடுத்துக்கும். அந்தப் பட்டியல்ல அஞ்சு நம்பருக்கு எழுத்தே கிடையாது. அதுல ஒண்ணு 141. நம்ம புள்ளியோட மூணாவது பைட்டு என்ன தெரியுமா? அதே 141! உகரக் குறியோடது 129. அதுவும் அந்த அஞ்சுல ஒண்ணு. ஆய்க்குடியை இப்படித் திறந்தா ஆ தாண்டும், ய தாண்டும், முதல் புள்ளியில முட்டிக்கிட்டு நிக்கும். தொல்காப்பியர் காலத்துல இருந்து மெய்யெழுத்துக்கு அடையாளமா இருக்குற புள்ளி, போயும் போயும் ஒரு வெள்ளைக்காரன் பட்டியல்ல இடம் இல்லாம நிக்குது. ஃபைலைத் திறக்கும்போதே 'என்கோடிங் யூடிஎஃப்-8'னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா விஷயம் முடிஞ்சது. 3.15 பதிப்புல இருந்து அதையே இயல்பா வச்சுக்கிறதுன்னு பைத்தான்காரங்களும் முடிவு பண்ணியிருக்காங்க. அதுவரைக்கும் நீங்கதான் எழுதணும்.

புள்ளியில முட்டாத சாஃப்ட்வேர் இன்னொரு கூத்து பண்ணும். யூடிஎஃப்-8 சிஎஸ்வி ஃபைலை எக்ஸெல்ல நேரா டபுள் கிளிக் பண்ணித் திறந்து பாருங்க. தலையில கோடு போட்ட 'ஏ', பக்கத்துல வட்டத்துக்குள்ள 'ஆர்', திரும்ப அதே 'ஏ', அதே 'ஆர்'... தமிழையே யாரோ டிரேட்மார்க் ரிஜிஸ்டர் பண்ணிட்ட மாதிரி இருக்கும். அந்த ஏ-தான் 224. ஆர்-தான் 174. இதைப் பார்த்து பயப்படாதீங்க. உள்ள தமிழ் பத்திரமா இருக்கு, கண்ணாடிதான் தப்பு. ஃபைலை எழுதும்போது 'யூடிஎஃப்-8-சிக்'னு கொடுத்தா எக்ஸெல் ஒழுங்கா படிக்கும்.

பயப்பட வேண்டியது கேள்விக்குறிக்கு. ஆய்க்குடி இருந்த இடத்துல வரிசையா ஒன்பது கேள்விக்குறி நின்னா, யாரோ 'எர்ரர் வந்தா மாத்திப் போடு'ன்னு சொல்லி ஆஸ்கியாக்கி இருக்காங்கன்னு அர்த்தம். எர்ரர் வராம இருக்க அந்த வழியைச் சொல்லிக் கொடுக்குற சீனியர் எல்லா ஹாஸ்டல்லயும் ஒருத்தர் இருப்பார். ஆய்க்குடியும் ஒன்பது கேள்விக்குறிதான், 'விகடகவி பா'வும் கிட்டத்தட்ட அப்படித்தான். கேள்விக்குறியில இருந்து ஊரைத் திரும்ப எடுக்க எந்த கம்ப்யூட்டர் சயின்ஸாலும் முடியாது. பேக்கப் இருந்தா உண்டு. இல்லன்னா வீடு வீடாப் போய் 'அக்கா, உங்க பேர் என்னக்கா'ன்னு கேட்க வேண்டியதுதான்.

டிடிபி சென்டர்ல வேலை பார்த்த அண்ணன், அக்கா யாராவது வீட்ல இருந்தா 'பாமினி' ஃபான்ட்டைத் தெரிஞ்சிருக்கும். யூனிகோட் வீட்டுக்கு வீடு வர்றதுக்கு முன்னாடி தமிழ் ஓடினது இப்படித்தான். அடியில இருக்குறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் முகமூடி. பாமினியில ஆய்க்குடிக்கு 7 குறி. பெரிய 'எம்' அடிச்சா ஆ, சின்ன 'எம்' அடிச்சா அ. பெரிய 'எஃப்' கு, சின்ன 'எஃப்' க. அரைப்புள்ளிதான் நம்ம புள்ளி. இப்ப ஒரு புத்திசாலி ப்ரோக்ராமர், தேடுறதுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு எல்லாத்தையும் 'லோயர் கேஸ்' ஆக்குறார்னு வைங்க. எம் சின்னதாகும். எஃப் சின்னதாகும். ஆய்க்குடி 'அய்க்கடி' ஆயிடும்! நெசமா. ஊர்க்காரங்க கேட்டா 'ஏலே, எவம்லே அது?'ன்னு கம்போட வருவாங்க.

அந்தக் காலத்து ஃபைல்களை யூனிகோடுக்கு மாத்த சுரதா யாழ்வாணனோட 'பொங்குதமிழ்', என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி கருவிகள் வந்தது எவ்வளவு பெரிய உதவின்னு இப்ப வர்ற பசங்களுக்குப் புரியுறது கஷ்டம். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசு 'டாம்', 'டாப்'னு ரெண்டு தரம் அறிவிச்சுது. இணையத் தமிழர்கள் 'திஸ்கி'ன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பத்திரிகை சைட்டுக்கும் ஒரு ஃபான்ட் இறக்கணும். இன்னைக்கும் பல ஆபீஸ் கணினிகள்ல அந்த முகமூடித் தமிழ் தூங்கிக்கிட்டு இருக்கு.

இதுல விளையாட்டா எடுத்துக்க முடியாத ஒரு விஷயம் இருக்கு. ஆய்க்குடின்னதும் நம்ம பக்கத்துல பலருக்கு ஞாபகம் வர்றது அமர் சேவா சங்கம். முதுகுத்தண்டு அடிபட்டு கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981ல மாற்றுத்திறனாளிகளுக்காக ஆரம்பிச்சது. 2020ல அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க. கண் தெரியாத ஒரு ஸ்டூடண்ட் ஸ்கிரீன் ரீடரை வச்சுப் படிக்கிறார். என்விடிஏ மாதிரி இலவச மென்பொருளே யூனிகோட் தமிழை வாசிச்சுக் காட்டும். அவர்கிட்ட ஒரு நோட்டீஸ் பாமினியில வந்து சேருது. நமக்கு அழகான தமிழ். அவர் காதுல விழுறது 'எம், ஏ, செமிகோலன், எஃப்...'. உதவித்தொகைக்குக் கடைசி தேதி அந்த செமிகோலன்களுக்கு நடுவுல எங்கேயோ இருக்கு.

அடுத்து ஒரு பஸ் கதை. நம்ம பசங்க பாதிப் பேர் பண்ற ப்ராஜெக்ட் 'பஸ் டைம் டேபிள் ஆப்'தானே? 'செங்கோட்டை'ன்னு தேடுறீங்க. பஸ் இல்லைன்னு வருது. லிஸ்ட்டைத் திறந்தா கண்ணுக்கு நேரா செங்கோட்டை இருக்கு! என்ன மாயம்?

'கோ'வை ரெண்டு மாதிரி எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே பீஸா 3019னு போடலாம். இல்ல, முன்னாடி ஒரு இரட்டைக் கொம்பு 3015, பின்னாடி ஒரு கால் 3006னு ரெண்டு பீஸாப் போடலாம். திரையில ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. எந்த கீபோர்டு, எந்த கன்வெர்ட்டர்ங்கிறதைப் பொறுத்து ஏதோ ஒண்ணு விழும். ஒரு செங்கோட்டைக்கு நீளம் 10, இன்னொண்ணுக்கு 11. பைத்தான்கிட்ட ரெண்டும் சமமான்னு கேட்டா 'இல்லை'. இதுக்கு மருந்து இருக்கு. 'யூனிகோட்டேட்டா'ன்னு பைத்தான் கூடவே வர்ற மாட்யூல்ல 'நார்மலைஸ்'னு ஒரு ஃபங்ஷன். என்எஃப்சி-ன்னு சொல்லி ரெண்டையும் அதுல போட்டு எடுத்தா ரெண்டும் பத்தாயிடும். பஸ் வந்துடும்.

சௌமியாவுக்கு மருந்து இல்ல.

ஔகாரக் குறின்னு தனியா ஒண்ணு இருக்கு. ஆனா அது நம்ம கண்ணுக்குக் கொம்பும் 'ள'வும் மாதிரியே தெரியுறதால, அவசரத்துல 'ச', ஒற்றைக் கொம்பு, அப்புறம் நிஜமான 'ள'ன்னு அடிச்சுடுறாங்க. சௌமியா 6 பீஸ், செளமியா 7 பீஸ். உத்துப் பாருங்க, ரெண்டையும் இப்பதான் அச்சடிச்சிருக்கோம். கண்டுபிடிச்சீங்களா? யூனிகோட் கணக்குல இது எழுத்துப்பிழை. ஒரே எழுத்தோட ரெண்டு வடிவமா அது இதை எடுத்துக்காது. அதனால நார்மலைஸ் பண்ணாலும் சேராது. பள்ளி டிசியில ஒண்ணு, வங்கிக் கணக்குல ஒண்ணுன்னு இருந்தா, பேர் பொருத்தம் பார்க்குற ப்ரோக்ராம் 'வேற ஆள்'னு ஒதுக்கிடும். கவுன்டர்ல இருக்குறவர் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு 'சரியாத்தானம்மா இருக்கு'ன்னு சொல்வார். அவர் சொல்றதும் உண்மை. கௌரி, மௌனிகா, கௌதம்... உங்க கிளாஸ்லயே எத்தனை பேர்னு பாருங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் உங்க ப்ரோக்ராம்லயே நாலு வரி எழுதித்தான் ஆகணும். 'ஒற்றைக் கொம்புக்குப் பின்னால ள வந்து, அந்த ள மேல வேற குறியோ புள்ளியோ இல்லன்னா...'ன்னு ஆரம்பிச்சா, 'வெளவால்' சரியாகும். 'வெளியே' தப்பிச்சுடும். 'வெளவால்'னு நாங்க அடிச்சதும் தப்புதான், உங்க டெஸ்ட்டுக்காக விட்டு வச்சிருக்கோம். ஆனா 'தெளகரம்', 'கெளதம்'னு போய் 'பெளதிகம்' வரைக்கும் திருத்திட்டு, 'வெளவெளத்து'ப் போனவனை 'வௌவௌத்து' ஆக்கிடும். அதையும் யோசிங்க!

ஃபார்ம்ல பேர் சரியான்னு பார்க்க 'இஸ்ஆல்ஃபா' போடுற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. பைத்தான் பார்வையில புள்ளி எழுத்து இல்ல, கொம்பும் கால்களும் எழுத்து இல்ல. 'கமலம்'னு கொடுத்தாக்கூட 'எழுத்து மட்டும் போடவும்'னு திட்டும். வார்த்தைகளைப் பிரிக்குற ரெஜெக்ஸும் அப்படித்தான். ஆய்க்குடியைக் கொடுத்தா 'ஆய', 'க', 'க', 'ட'ன்னு நாலு துண்டா நறுக்கித் தரும். பிச்சிப் போட்ட புரோட்டா மாதிரி.

எண்ணுல மட்டும் ஒரு சந்தோஷம். தமிழ் எண் ௧௨ஐ ஸ்ட்ரிங்கா கொடுத்து 'இன்ட்' போட்டுப் பாருங்க. 12ன்னு கரெக்டா சொல்லும்! ஆனா பழைய ஓலைகள்ல 12ஐ ௰௨ன்னு எழுதுவாங்க. பத்துக்குத் தனி எழுத்து. அதைக் கொடுத்தா கவுந்துடும். '௰ ஒரு எண்ணா'ன்னு கேட்டா ஆமாங்கும், 'இலக்கமா'ன்னு கேட்டா இல்லைங்கும். நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரி.

தமிழே இல்லாம வெறும் எண்ணுலயும் கன்வெர்ஷன் வாரும். தென்காசி எஸ்டிடி கோடு 04633. இதை எண்ணா மாத்தினா முன்னாடி இருக்குற சைபர் போயிடும், 4633. அதைவிட ஜோர் ஒண்ணு: சி-யிலயோ ஜாவாவிலயோ மேற்கோள் போடாம 04633னு அப்படியே எழுதி பிரிண்ட் பண்ணுங்க. 2459 வரும்! முன்னாடி சைபர் இருந்தா எட்டடிமான எண்ணுன்னு அதுங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். பைத்தான் 3 இப்படி எழுதவே விடாது.

அண்ணா யூனிவர்சிட்டி ரிஜிஸ்டர் நம்பர் 12 இலக்கம். அதை சிஎஸ்வியா எக்ஸெல்ல திறந்தா, பெரிய எண்ணுன்னு நினைச்சு முதல் ஆறு இலக்கத்தை மட்டும் வச்சுக்கிட்டு சுருக்கிக் காட்டும். அப்படியே சேவ் பண்ணா, காட்டினதுதான் ஃபைல்ல போகும். முதல் ஆறு இலக்கம் காலேஜ் கோடும் சேர்ந்த வருஷமும். அதாவது உங்க கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே ரிஜிஸ்டர் நம்பர். டாப்பரும் நீங்களும் ஒண்ணு. சந்தோஷப்படாதீங்க, ரிசல்ட்டும் யாருக்கும் வராது.

உலகமே இதுல அடி வாங்கியிருக்கு. 'மார்ச் 1', 'செப்ட் 2'ன்னு மனித மரபணுக்களுக்குப் பேர் இருந்துச்சு. எக்ஸெல் அதையெல்லாம் தேதியா மாத்தி மாத்தி ஆராய்ச்சிக் கட்டுரைகளையே குழப்பினதால, 2020ல மரபணுக்களோட பேரையே மாத்திட்டாங்க. சாஃப்ட்வேரைத் திருத்துறதைவிட மனுஷனோட ஜீனைத் திருத்துறது ஈஸியாப் போச்சு! 2018 பிப்ரவரியில ஒரே ஒரு தெலுங்கு எழுத்து மெசேஜ்ல வந்தா ஐபோன் ஆப்கள் பொத்துனு விழுந்துச்சு. ஆப்பிள் அவசர அவசரமா அப்டேட் விட வேண்டியதாச்சு. நம்ம மொழிகள் எழுத்துகளை எப்படிச் சேர்க்குதுங்கிறதை அவ்வளவு பெரிய கம்பெனியே கோட்டை விட்டிருக்கு.

2011ல மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்ததுக்கு அப்புறம் தென்காசிப் பக்கத்துப் பசங்களுக்கு ப்ரோக்ராமிங் வேலைன்னா சென்னை பஸ் ஏறியே ஆகணும்னு இல்ல. குத்தாலச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே கோட் எழுதலாம். எந்த கம்பெனி இன்டர்வியூவா இருந்தாலும் 'ஸ்ட்ரிங்கைத் திருப்பு'ன்னு ஒரு கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம். வழக்கமான அந்த ஒரு வரியை எழுதிட்டு, 'சார், இது தமிழுக்கு வேலை செய்யாது, காட்டட்டுமா?'ன்னு விகடகவியைப் போட்டுக் காட்டுங்க. எதிர்ல இருக்குறவர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்குவார்.

அப்புறம் சரியான வழியும் சொல்லணும் இல்லையா? 'ஓப்பன்-தமிழ்'னு பைத்தானுக்கு ஒரு இலவச நூலகம் இருக்கு. தமிழ்லயே ப்ரோக்ராம் எழுதுற 'எழில்' மொழியை உருவாக்கின முத்து அண்ணாமலையும் அவர் நண்பர்களும் செஞ்சது. அதுல 'கெட் லெட்டர்ஸ்'னு ஒரு ஃபங்ஷன். ஆய்க்குடியைக் கொடுத்தா ஆ, ய், க், கு, டின்னு அஞ்சாப் பிரிச்சுக் கொடுக்கும், தமிழ் ஐயா மாதிரியே. அந்த லிஸ்ட்டைத் திருப்பினா விகடகவி விகடகவியாவே வருவார். ஜாவாஸ்கிரிப்ட்காரங்களுக்கு 'இன்டெல் செக்மென்டர்', ஜாவாவுக்கு 'பிரேக் இட்டரேட்டர்'.

இந்த வாரம் வேலை இதுதான். நீங்க பண்ணிக்கிட்டு இருக்குற ப்ராஜெக்ட் எதுவா இருந்தாலும், பேர் டைப் பண்ற பெட்டியில வரிசையா இதைப் போட்டுப் பாருங்க: ஆய்க்குடி, ரெண்டு விதமா அடிச்ச செங்கோட்டை, விகடகவி, சௌமியா, ௰௨, 04633. சேவ் பண்ணுங்க. மூடுங்க. திரும்பத் திறங்க. போட்டது போட்டபடி வந்தா உங்க லேப் பார்ட்னருக்கு டீ வாங்கிக் கொடுங்க. ஒன்பது கேள்விக்குறி வந்தா அவர் உங்களுக்கு வாங்கித் தரட்டும், ராத்திரி முழிக்க வேண்டியிருக்கும்.